மாலே போய் வந்த பரங்கிக்காய்

கெந்திஃபுஷித் தீவில் வியாழக்கிழமை விடிந்தால் மூசாபேயின் சரக்குத் தோணி மாலத்தீவின் தலைநகரான மாலேயிலிருந்து வந்து துறையில் கட்டும். அன்று முழுவதும் ஃபரீஷா தன் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுவாள்.

தீவில் தொள்ளாயிரம் பேர். அரிசி மூட்டையிலிருந்து தலையணை உறை வரை அத்தனை பேரும் மாலேயிலிருந்துதான் வரவழைத்தார்கள். திங்கட்கிழமை தோணி கிளம்பும் முன் மூசாபே கையில் ஒரு சீட்டைத் திணித்தால் போதும், வியாழக்கிழமை பெட்டி வந்துவிடும். கூலி பெட்டிக்கு இருபது ருஃபியா. ஃபரீஷாவின் கடை அவசரத்துக்கு மட்டும். சமைத்துக்கொண்டிருக்கும்போது உப்பு தீர்ந்தவர்களும், தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு ஷாம்பு இல்லை என்று கண்டவர்களும் அங்கே ஓடி வருவார்கள்.

ஃபரீஷாவுக்கு நாற்பத்தொரு வயது. கடையில் இரண்டு அலமாரி, ஒரு ஐஸ்பெட்டி. வாய்க்கு மட்டும் குறைவில்லை. கணவன் ஜாஹிருக்கு ரிசார்ட்டில் வேலை. மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் தலை தெரியும். தீவின் பாதி ஆண்களுக்கு இதே கதைதான். 'ரிசார்ட்டில் வேலை' என்றால் அதோடு பேச்சு முடிந்தது. அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை.

அந்த வருடம் தீவு மன்றத்தில் அறுபதாயிரம் ருஃபியா ஒதுக்கியிருந்தார்கள். தீவின் வியாபாரத்தைப் பெருக்க நல்ல யோசனை ஒன்று வேண்டும், அதற்குத்தான் அந்தப் பணம். மன்றத் தலைவர் நஷீத் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிக்கூட மண்டபத்தில் ஊரைக் கூட்டினார். மண்டபம் நிறைந்துவிட்டது. பணம் ஒதுக்கினால் கெந்திஃபுஷியில் யோசனைக்கா பஞ்சம்?

"திமிங்கிலம் பாக்க வாங்கன்னு போர்டு வெக்கலாம்" என்றார் விடுதி நடத்தும் வஜீஹ்.

"திமிங்கிலம்தான் நம்ம பக்கமே வராதே?"

"போர்டு வெப்போம். பாத்துட்டு அதுவும் வரட்டும்."

தலைவர் நஷீத்தின் மனசில் ஏற்கெனவே ஒன்று முடிவாகியிருந்தது. துறைமுகத்தில் பெரிய அலங்கார வளைவு. அதில் தீவின் பெயர். ராத்திரியில் விளக்கு எரியும். படம் அவர் போனிலேயே இருந்தது. முன்வரிசையில் எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது.

ஃபரீஷா எழுந்தாள்.

"தலைவரே, அந்த வளைவும் மாலேலேர்ந்துதான் தோணியில வரணும். அறுபதாயிரமும் மறுபடி மாலேக்குத்தான் போகும். நம்ம ஊர்க் காசு ஒரு ராத்திரியாவது நம்ம ஊர்ல படுத்துத் தூங்குதா? இங்க தச்சர் இல்லையா, தைக்கிறவங்க இல்லையா, வெவசாயம் பண்றவங்க இல்லையா? ஒரு ஆணி வேணும்னாலும் மாலே, ஒரு ஊக்கு வேணும்னாலும் மாலே. நமக்கெல்லாம் கொஞ்சமாவது ரோஷம் இருக்கா?"

கைதட்டல் கிளம்பியது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி விசிலே அடித்துவிட்டாள். ஃபரீஷா பெருமையாக உட்காரப் போன நேரத்தில், பின்சுவரில் சாய்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்த மூசாபே தொண்டையைச் செருமினார்.

"நல்லாச் சொன்ன ஃபரீஷா. ரொம்ப சரி. அப்புறம் ஒரு விஷயம். ஒன் கட்டிலு வர்ற வியாழக்கெழமத் தோணியில வருது. மூணு பார்சல். தூக்குறதுக்கு ஆளு சொல்லி வெச்சுக்க."

மண்டபமே அதிர்ந்தது. நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தவர்கள்கூட உண்டு. சிரிக்காத ஆள் ஒருவர்தான். முன்வரிசையில் இருந்த தச்சர் ஹம்தூன்பே தன் தொப்பியைக் கழற்றி, அதற்குள் எதையோ தேடுபவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைக் கண்டதும் ஃபரீஷாவுக்கு மற்றவர்கள் சிரிப்பு காதில் விழவில்லை. முகம் அனலாய் எரிந்தது.

மறுநாள் காலை கடையைக்கூடத் திறக்காமல் கடற்கரைக்குப் போனாள். ஹம்தூன்பே கரையேற்றிய படகு ஒன்றின் அடியில் படுத்துக்கொண்டு பலகை மாற்றிக்கொண்டிருந்தார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவள் அந்தக் கால்களிடம் பேசினாள்.

"ஹம்தூன்பே, தப்புத்தான். மன்னிச்சிருங்க."

"எதுக்கு?"

"கட்டிலுக்கு."

கால்கள் மணலை உதைத்தன. பிறகு முழு ஆளும் வெளியே வந்தார். தாடியெல்லாம் மரத்தூள்.

"நான் கட்டில் செய்வேன்னு ஒனக்குத் தெரியுமா?"

"நெசமாவே தெரியாது. படகு மட்டுந்தான் செய்வீங்கன்னு நெனச்சேன்."

"எம் பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு கட்டில் செஞ்சேன். யாரு வந்து பாத்தா? நானும் சொல்லல." அவர் தாடியைத் தட்டிவிட்டுக்கொண்டு, குற்றவாளிபோல இளித்தார். "நானும் ஒண்ணு சொல்லிடறேன். ஒங்கடையில நான் அரிசி வாங்கி நாலு வருஷமாச்சு. மாலேயில மூட்டைக்கு நாப்பது ருஃபியா கம்மி. மூசாவோட கூலி இருபது போக இருபது மிச்சம்."

"அப்ப ரெண்டு பேரும் திருடங்கதான்."

"ஒரே ஜெயில்ல போடச் சொல்லுவோம்."

இருவரும் மணலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆனால் வீடு திரும்பும்போது ஃபரீஷாவின் மண்டையில் ஒரு கேள்வி முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது: கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஆள் கட்டில் செய்வார் என்று தெரியாமல் நாலாயிரம் ருஃபியாவைத் தோணியேற்றியிருக்கிறோம். ஊரில் இன்னும் என்னென்ன தெரியாமல் கிடக்கிறதோ?

அந்த வியாழக்கிழமை அவள் துறைக்குப் போனாள். கட்டிலை வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிடவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தோணிக்கு எதிரே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, இறங்குகிற ஒவ்வொன்றையும் எழுத ஆரம்பித்தாள்.

"என்ன, கஸ்டம்ஸ் ஆபீஸ் தொறந்துட்டியா?" என்றார் மூசாபே.

"எழுதத்தான் செய்றேன். தூக்கிட்டா ஓடறேன்?"

"எழுது, எழுது. கடைசியில என் வயித்துல அடிக்காம இருந்தாச் சரி."

முதல் வாரம் ஊரே அவளைக் கேலி செய்தது. பெண்கள் பெட்டியைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தர், "உள்ள என் பெஞ்சாதிக்குத் தெரியாத சாமான் இருக்கு, சத்தமா எழுதாத" என்று கெஞ்சினார். ஃபரீஷா விடவில்லை. இரண்டாவது வாரமும் போனாள். நோட்டில் ஆச்சரியமான சங்கதிகள் சேர்ந்தன. பதினொரு பிறந்தநாள் கேக்குகள். பதினாலு மணி நேரக் கடல் பயணத்தில் ஒன்பது நசுங்கிப் போயிருந்தன. பள்ளிக்கூட யூனிஃபார்ம் முப்பது ஜதை. திரைச்சீலை. பச்சை மிளகாய், வெள்ளரி, பப்பாளி. எல்லாம் பெட்டி பெட்டியாக.

மூன்றாவது வியாழக்கிழமைதான் அந்தப் பரங்கிக்காய் வந்தது.

விடுதிக்காரர் வஜீஹுக்கு வந்த பெட்டி கைதவறி விழுந்து அடி கிழிந்தது. உள்ளேயிருந்து நாலைந்து பரங்கிக்காய்கள் துறை முழுவதும் உருண்டன. அதில் ஒன்று ஃபரீஷாவின் காலடியில் வந்து நின்றது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காயின் தோலில் எழுத்து இருந்தது. பிஞ்சாக இருக்கும்போது யாரோ ஊசியால் கீறியிருக்கிறார்கள். காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருத்து, தழும்பேறி, கட்டைவிரல் மொத்தத்துக்கு நின்றது. திவேஹி மொழியின் தானா எழுத்தில், வலமிருந்து இடமாக, தெளிவாக: நாஹுலா.

"நாஹுலாவா? எந்த நாஹுலா?"

தீவில் நாஹுலா ஒருத்திதான். கிழக்குப் பக்கம் தோட்டம் போட்டிருக்கும் கஃபூர்பேயின் மனைவி. கஃபூர்பே அப்போது துறையிலேயேதான் இருந்தார், உரமூட்டை வாங்க வந்திருந்தார். ஐம்பது வயது, சிரித்தால் வரி போடுவார்கள் என்பதுபோல முகம், பேரம் பேசும்போதுகூட நாலு வார்த்தைக்கு மேல் வராது. எல்லாக் கண்களும் தன்மேல் திரும்பியதும் அவர் உரமூட்டையைத் தோளில் ஏற்றி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"கஃபூர்பே, இது நீங்க எழுதினதா?"

"காய்க்கு அடையாளம் வேணாமா?" என்று மூட்டைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அடையாளத்துக்கு ஒரு கோடு போட்டா ஆகாதா? பொண்டாட்டி பேருதான் போடணுமா?"

துறை கலகலத்தது. கொஞ்சம் ஓய்ந்தபோது ஃபரீஷாவுக்குப் பொறி தட்டியது.

"இத எப்ப வித்தீங்க?"

"போன வாரத்துக்கு முந்தின வாரம். இதே தோணியில மாலே மார்க்கெட்டுக்கு அனுப்புனேன். கிலோ எட்டு ருஃபியா."

அவள் வஜீஹிடம் திரும்பினாள். "நீங்க என்ன வெலைக்கு வாங்கினீங்க?"

வஜீஹ் பில்லைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். "இருபத்தஞ்சு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. விடுதியின் சமையலறைக்கும் கஃபூர்பேயின் தோட்டத்துக்கும் நடுவே முந்நூறு அடிகூட இருக்காது. காற்று அந்தப் பக்கம் அடித்தால் தோட்டத்து எரு வாசனை விடுதிக்கு வருகிறதென்று வஜீஹ் புகாரே கொடுத்திருக்கிறார். அந்த முந்நூறு அடியைக் கடக்க ஒரு பரங்கிக்காய் இருபத்தெட்டு மணி நேரம் கடலில் போய் வந்திருக்கிறது.

"மூசாபே, போக ஒரு கூலி, வர ஒரு கூலி. ஒங்களுக்கு மட்டும் நல்ல ஊரு" என்றாள் ஃபரீஷா.

"காய்க்கு வாய் இருந்தா 'என்ன ஏன்டா அலைக்கழிக்கிற'ன்னு கேட்டிருக்கும். கேக்கலையே!" என்றார் மூசாபே. ஆனால் அவர் முகத்திலும் கொஞ்சம் அசடு வழிந்தது.

சேதி நாஹுலாவின் காதுக்குப் போக ஒரு நிமிஷம் ஆகவில்லை. அவள் வந்தாள், கூட்டத்தை விலக்கினாள், காயைக் கையில் ஏந்தி எழுத்தைத் தடவிப் பார்த்தாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் பெயரை அந்த மனிதர் வாய் திறந்து பத்துத் தடவை கூப்பிட்டிருப்பாரா என்பது சந்தேகம்.

"எம் பேரெழுதின காய எட்டு ருஃபியாவுக்கு வித்துட்டு வந்திருக்கே?"

"எடை போட்டப்ப ஆறு கிலோ இருந்துச்சு. நாப்பத்தெட்டு வந்துச்சு" என்றார் கஃபூர்பே பரிதாபமாக.

வஜீஹிடம் காசு கொடுத்து அந்தக் காயை அவள் மீட்டுக்கொண்டு போனாள். அன்று மாலை ஃபரீஷாவின் கடைக்கு வந்தபோதும் கன்னத்திலிருந்து சிவப்பு இறங்கியிருக்கவில்லை.

"அந்த நோட்ட எடு, பாப்போம்" என்றாள்.

இருவரும் ஐஸ்பெட்டியின்மேல் நோட்டை விரித்து வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்கள். கேக்கா? நாஹுலாவே செய்வாள், மாலேயில் அக்கா வீட்டில் இருந்தபோது பேக்கரியில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறாள். இது ஃபரீஷாவுக்குத் தெரியாது. யூனிஃபார்மா? பள்ளிவாசல் தெருவில் மூன்று வீட்டில் தையல் மிஷின் இருக்கிறது. மூன்றும் துணி போர்த்திக்கொண்டு தூங்குகின்றன.

"ஆளும் இருக்கு, சாமானும் இருக்கு. யாருகிட்ட என்ன இருக்குன்னு மட்டும் யாருக்கும் தெரியல" என்றாள் ஃபரீஷா.

"அப்ப கேட்டுட வேண்டியதுதானே? வைபர்ல ஒரு குரூப் போடு."

கெந்திஃபுஷியில் கல்யாணம், மௌத்து, மீன்பாடு, காணாமல் போன கோழி, எல்லாவற்றுக்கும் வைபர் குரூப் உண்டு. இதற்கும் ஒன்று வந்தது. பெயர்: 'மொதல்ல இங்க கேளு'. சட்டம் ஒன்றே ஒன்று. ஞாயிறு இரவு முதல் திங்கள் மத்தியானம் வரை, வேண்டியதை இங்கே கேட்க வேண்டும். ஊரில் யாரிடமும் இல்லையென்றால்தான் மூசாபேயிடம் சீட்டுக் கொடுக்கலாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே போன்கள் சூடேறின.

"ரெண்டு டஜன் முட்டை கெடைக்குமா?"

"கெடைக்கும். கோழிகிட்ட இன்னும் கேக்கல."

"சனிக்கிழமை எம் பையனுக்குப் பொறந்தநாள். ஒரு கேக்கு, வட்டமா, நசுங்காம."

"வட்டமா தர்றேன். நசுக்குறது ஒங்க பாடு" என்று நாஹுலா குரல் அனுப்பினாள்.

மன்றத் தலைவர் நஷீத்தும் விடவில்லை. "அலங்கார வளைவு செய்ய ஊரில் யாரேனும் உண்டா?" என்று எழுத்துத் தமிழ்போல விறைப்பான திவேஹியில் கேட்டார். மறுநாள் ஹம்தூன்பே பதில் போட்டார்: "தென்னை மரத்துல செஞ்சு தர்றேன். பதினஞ்சாயிரம். விளக்கு தனி." அறுபதாயிரத்துக்கு மாலேயில் விலை கேட்டு வைத்திருந்த தலைவர், தன் போனிலிருந்த படத்தை அப்போதே அவருக்கு அனுப்பிவைத்தார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கஃபூர்பே கெடுத்தார்.

நாலாவது வாரம் பரங்கிக்காயைக் கிலோ இருபத்துநாலு என்று குரூப்பில் போட்டார். வெள்ளரியும் அப்படியே. ஊர் கொதித்தது. "இதுக்கு மாலேயே மேல்" என்று பத்துப் பதினைந்து பேர் குரூப்பை விட்டு வெளியேறினார்கள். ஃபரீஷா தோட்டத்துக்கே போய் வேலியில் கையூன்றி நின்றாள்.

"எட்டுக்கு வித்துக்கிட்டிருந்த ஆளு, ஊருக்காரன்னதும் தலையில மொளகா அரைக்கலாமா?"

"மாலேய விட ஒரு ருஃபியா கம்மிதான்."

"கஃபூர்பே!"

அவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். அன்றைக்கு நாலு வார்த்தைக்கு மேலேயே பேசினார்.

"பன்னண்டு வருஷம் எட்டுக்கு வித்தேன், ஃபரீஷா. உரத்து வெல ஏறுச்சு, தண்ணி மோட்டார் ரெண்டு தடவ எரிஞ்சுது. எட்டுக்கு விக்கும்போது எனக்காக யாரு அழுதீங்க? இன்னைக்கு இருபத்துநாலுன்னா மட்டும் ஊரே அழுவுது."

ஃபரீஷா வேலியிலிருந்து கையை எடுத்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் இவளும் நின்றபடி வெயில் தலைக்கேறும்வரை பேசினார்கள். பதினைந்தில் முடிந்தது. கஃபூர்பேயுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, வாங்குகிறவர்களுக்குப் பத்து மிச்சம். கோபித்துக்கொண்டு போனவர்கள், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒவ்வொருவராகக் குரூப்புக்குள் திரும்பினார்கள்.

அடுத்த குண்டு மூசாபேயிடமிருந்து வந்தது. தோணியில் பெட்டிகள் பாதியாகக் குறைந்திருந்தன. அவர் கூலியை இருபதிலிருந்து முப்பதாக்கிவிட்டு, ஃபரீஷாவின் முகத்தைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். அரிசிக்கும் எண்ணெய்க்கும் கடைசிவரை தோணிதான் கதி; அவரைப் பகைத்துக்கொண்டு தீவில் பிழைக்க முடியாது. அதோடு ஃபரீஷாவுக்கு மனசும் கேட்கவில்லை. அவருக்கும் நாலு பிள்ளைகள். திங்கட்கிழமை காலை, ஒரு தட்டு நிறைய மீன் பஜியாவும் கறுப்புச் சாயாவும் எடுத்துக்கொண்டு தோணிக்குப் போனாள்.

"வெஷம் கலந்திருக்கா?" என்றார் மூசாபே.

"மொளகாதான் கலந்திருக்கு. கஃபூர்பே தோட்டத்து மொளகா. சாப்பிடுங்க." அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டதும் கேட்டாள்: "மூசாபே, திங்கக்கெழம இங்கேர்ந்து போறப்ப தோணியில என்ன ஏத்திக்கிட்டுப் போறீங்க?"

"கொஞ்சம் கருவாடு. மிச்சமெல்லாம் காத்து."

"காத்து கூலி குடுக்குமா?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"வழியில மிவாதூ இருக்கு, ஃபெஹெந்தூ இருக்கு. அவங்களுக்கும் கேக்கு வேணும், கட்டில் வேணும், யூனிஃபார்ம் வேணும். அவங்களும் எல்லாத்தையும் மாலேலேர்ந்துதானே எறக்குறாங்க? நம்மகிட்ட வாங்கட்டும். நீங்க ஏத்திக்கிட்டுப் போங்க."

"கேக்கு நசுங்கிடும்."

"பதினாலு மணி நேரம் வந்தா நசுங்கும். மிவாதூவுக்கு நாப்பது நிமிஷந்தானே? ஒங்க மடியில வெச்சுக்கிட்டுப் போங்க."

மூசாபே இன்னொரு பஜியாவை எடுத்தார். பிறகு இன்னொன்று. தட்டு காலியானதும் கையைத் துடைத்துக்கொண்டு, "மடியில வெச்சா கூலி அம்பது" என்றார். அப்போதே ஃபரீஷாவுக்குத் தெரிந்துவிட்டது, ஆள் வழிக்கு வந்துவிட்டார் என்று. அந்த வாரமே மிவாதூவிலிருந்து இரண்டு கட்டிலுக்கும் எட்டு ஜதை யூனிஃபார்முக்கும் சொல்லியனுப்பினார்கள். பெட்டிக் கூலியும் இருபதுக்கு இறங்கியது.

இப்படியாக மூன்று மாதம் ஓடியது. ஃபரீஷா அரிசி விற்பதையே விட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக ஊர்ப் பெண்கள் செய்த பலகாரங்களும் சீமைப்பலா வறுவலும் அவள் அலமாரியை நிறைத்தன. விடுதியில் தங்கும் வெள்ளைக்காரர்கள் அதற்காகவே செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். தலைவரின் வளைவும் எழும்பியது. விளக்கு போடும் வேலை மட்டும் பாக்கி. மிச்சப் பணத்தில் துறையிலேயே மீனும் காய்கறியும் கெடாமல் வைக்கக் குளிர்பெட்டி ஒன்று வாங்கினார்கள்.

ஆனால் குரூப்பில் ஒரு கேள்வி மட்டும் வாரம் தவறாமல் வந்து, பதில் இல்லாமல் செத்துப்போனது. ஏசி ரிப்பேர். யார் வீட்டிலாவது ஏசியோ ஃபிரிஜ்ஜோ படுத்துவிட்டால், மாலேயிலிருந்து ஆள் ஸ்பீட் போட்டில் வரவேண்டும். போக வரக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, அதற்குமேல் கூலி. வஜீஹின் விடுதியில் மட்டும் ஏசி கெட்டு மூன்று அறைகள் புழுங்கிக்கொண்டிருந்தன. பள்ளிவாசலின் ஏசி தொழுகை நேரத்தில் கப்பல் என்ஜின்போலக் கத்தியது.

"இதுக்கு மட்டும் இந்த ஊர்ல ஒரு ஆளு இல்லையே" என்று ஒரு நாள் கடையில் ஃபரீஷா அலுத்துக்கொண்டாள்.

நாஹுலா கேக் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"ஒன் வீட்டுக்காரருக்கு ரிசார்ட்டுல என்ன வேல?"

"ஜாஹிருக்கா? ஏசி..." என்று ஆரம்பித்த ஃபரீஷா, வாய் திறந்தது திறந்தபடியே நின்றாள்.

நாஹுலா சிரித்த சிரிப்பில் கேக் பெட்டி கீழே விழ இருந்தது. "கட்டிலுக்கு ஹம்தூன்பேய மறந்த. ஏசிக்குப் புருஷனையே மறந்துட்டியேடி!"

பதினாலு வருடமாக அவன் அங்கே ஏசிதான் பார்க்கிறான். ஆனால் ஃபரீஷாவுக்கு அவன் வேலை என்பது மாதாமாதம் வரும் சம்பளம். அவன் என்பது மாதத்தில் இரண்டு நாள். கடையைச் சாத்திவிட்டு உள்ளே போய் போன் செய்தாள்.

"ஊர்ல ஒன் வேலைக்கு ஆளு தேடறாங்க" என்றாள்.

"யாரு சம்பளம் தருவா? நீயா?" அவன் சிரித்தான். பிறகு குரல் தாழ்ந்தது. "வெளையாடாத ஃபரீ. மாசம் பொறந்தா பணம் வந்துடுது. அத விட்டுட்டு..."

"விட வேணாம். பத்து நாளு லீவுல வா. வந்து பாரு."

வந்தான். தோணியிலிருந்து இறங்கிய அரை மணி நேரத்தில் வஜீஹ் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அங்கிருந்து பள்ளிவாசல், பள்ளிக்கூடம், பிறகு வீடு வீடாக. பத்து நாளில் முப்பத்தொரு ஏசி, ஒன்பது ஃபிரிஜ். இரண்டு நாள் லீவில் வந்தபோதுகூட அவனை இதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறாள் ஃபரீஷா. "புருஷன ஊருக்கு வாடகைக்கு விட்டுட்டேன்" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் புலம்பினாள். புலம்பலில் பெருமை சொட்டியது.

பத்தாம் நாள் மாலை இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சுடுசோறு, கருதியா என்கிற மீன் ரசம், எலுமிச்சை, மிளகாய். அவன் வேலை பார்த்த வீடுகளிலிருந்து கொடுத்தனுப்பிய சூரை மீனும் தேங்காயும் வாழைக்குலையும் சுவரோரம் குவிந்து கிடந்தன. ஜாஹிர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"ரிசார்ட்டுல நானூத்துச் சொச்சம் ஏசி பாக்கறேன். இதுவரைக்கும் ஒரு ரூம்லேர்ந்தும் எனக்கு யாரும் மீன் குடுத்தனுப்பினதில்ல."

ஃபரீஷா எலுமிச்சையைப் பிழிந்து அவன் சோற்றில் விட்டாள்.

"எட்டாயிரத்து நானூறு வந்திருக்கு, பத்து நாளுல. எல்லா மாசமும் இப்படியே வராது. முப்பத்தொண்ணும் சரியாயிடுச்சு, இனி எது கெடும்?"

"உப்புக் காத்துல எது கெடாது? மிவாதூவுலயும் ஏசி இருக்கு, ஃபெஹெந்தூவுலயும் இருக்கு. ஆறு மாசம் பாப்போம். சரிப்படலன்னா திரும்பிப் போ. ரிசார்ட்டு எங்கயும் நீந்திப் போயிடாது."

அவன் முதல் கவளத்தை வாயில் வைத்தான். மென்று விழுங்கிவிட்டு, "நாளைக்குப் போயி ராஜினாமா லெட்டர் குடுத்துடறேன்" என்றான்.

ஒரு மாதம் கழித்து, வியாழக்கிழமைத் தோணியில் ஜாஹிர் வந்து இறங்கினான். கையில் துணிப்பை; பின்னால் கருவிகள் நிறைந்த இரும்புப் பெட்டி ஒன்றை இரண்டு பேர் முக்கி முனகி இறக்கினார்கள்.

"பெட்டிக்கு இருபது. ஆளு ஓசி" என்றார் மூசாபே.

ஃபரீஷா நல்ல உடுப்பு உடுத்தி, நாஹுலாவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் கிட்டே போவதற்குள் மன்றத் தலைவர் நஷீத் முந்திக்கொண்டார். துறையில் வைத்த குளிர்பெட்டி ராத்திரியிலிருந்து ஓடவில்லையாம், உள்ளே இருநூறு கிலோ மீன் இருக்கிறதாம். ஜாஹிர் மனைவியைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான், துணிப்பையை அவள் கையில் கொடுத்தான்.

"அஞ்சே நிமிஷம்" என்றான்.

"ஒன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? போ, போ, மீன் கெட்டுடும்."

அவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தலைவரின் பின்னால் ஓடினான். ஃபரீஷாவும் நாஹுலாவும் இரும்புப் பெட்டியின் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கி அந்தக் குளிர்பெட்டியை நோக்கி நடந்தார்கள். நாலடி போவதும் இறக்கி வைத்துச் சிரிப்பதும், மறுபடி தூக்குவதுமாக. "இவ்வளவு கனமா இருக்கு, ஒன் புருஷன் இதுக்குள்ள ரிசார்ட்டையே வெச்சுக் கொண்டாந்துட்டாரா?" என்றாள் நாஹுலா. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஜாஹிர் மூடியைக் கழற்றி, முழங்கை வரை உள்ளே விட்டிருந்தான். ஃபரீஷா மீன்மேல் போட ஐஸ் கொண்டுவர ஓடினாள். குளிர்பெட்டி மறுபடி உறுமத் தொடங்கி, அவர்கள் மூவரும் வீட்டுக்குப் போகும்போது மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டது.